பார் கார்டு – திறந்த கார்டு மாற்றம்

பார் கார்டு – திறந்த கார்டு மாற்றம் என்பது, கித்தார் (கிட்டார்) வாசிப்பில், சில கம்பிகளை விரல் படாமல் ஒலிக்கவிடும் திறந்த கார்டு ஒன்றிலிருந்து, சுட்டுவிரலைக் கம்பிகளின் குறுக்கே கிடத்திப் பிடிக்கும் பார் கார்டு ஒன்றுக்கும், அதிலிருந்து மீண்டும் திறந்த கார்டுக்கும் தாளம் தவறாமல் மாறும் திறன் ஆகும். கித்தார் கற்கத் தொடங்குவோர் முதல் சில மாதங்களில் திறந்த கார்டுகளைக் கற்றபின் எதிர்கொள்ளும் முதல் பெரிய தடை இதுவாகும். குறிப்பாக எஃப் மேஜர், பி மைனர் ஆகிய இரண்டு கார்டுகளில் பலர் தேங்கி நிற்பதும், சிலர் கருவியையே கைவிடுவதும் உண்டு. விரல் வலிமை போதாமையே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும், எந்த விரல் எந்தக் கம்பியை உண்மையில் அழுத்துகிறது, மாற்றத்தின்போது எந்த விரல் நகராமல் இருக்கலாம் என்பவற்றை அறிவதே வலிமையைவிட முதன்மையானது.

இக்கட்டுரையில் வலக்கையால் மீட்டி, இடக்கையால் கார்டு பிடிக்கும் முறை கொள்ளப்பட்டுள்ளது. இடக்கையால் மீட்டுவோர் இதை மாற்றிக் கொள்ளலாம்.

அடிப்படைச் சொற்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டே கார்டு எனப்படுகிறது. பெரும்பாலும் இதில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வெவ்வேறு சுரங்கள் இருக்கும்.

கித்தாரின் கழுத்தில் குறுக்காகப் பதிக்கப்பட்டுள்ள உலோகக் கட்டைகள் ஃபிரெட் எனப்படும். வீணையில் இவற்றை ஒத்தவை மெட்டுகள் என அழைக்கப்படுவதால், இங்கும் அச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது. கழுத்தின் தலைப்பகுதியில் கம்பிகள் படிந்து செல்லும் சிறு துண்டு நட் எனப்படும். உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்குவது குதிரை ஆகும். திறந்த கம்பியின் ஒலிக்கும் நீளம் நட்டுக்கும் குதிரைக்கும் இடைப்பட்டதாகும்.

மிக மெல்லிய கம்பி 1ஆம் கம்பி என்றும், மிகத் தடித்தது 6ஆம் கம்பி என்றும் எண்ணப்படுகின்றன. வழக்கமான சுருதி அமைப்பில் 6ஆம் கம்பியிலிருந்து 1ஆம் கம்பி வரை முறையே இ, ஏ, டி, ஜி, பி, இ ஆகிய சுரங்கள் ஒலிக்கும்.

பார்ரே என்பது பிரெஞ்சு மொழிச் சொல். குறுக்கே தடுக்கப்பட்டது என்னும் பொருளுடையது. சுபானிய மொழியில் செகில்யா என்னும் சொல், விரலைக் குறுக்கே வைத்தலையும், அதே பணியைச் செய்யும் கேப்போ என்ற கவ்வியையும் குறிக்கும். இரண்டின் பணியும் ஒன்றே என்பதை இப்பெயர் உணர்த்துகிறது.

பார் கார்டு அமையும் முறை

பார் கார்டில் சுட்டுவிரல் நட்டின் வேலையைச் செய்கிறது. திறந்த இ மேஜர் கார்டில் 5ஆம், 4ஆம் கம்பிகள் 2ஆம் மெட்டிலும், 3ஆம் கம்பி 1ஆம் மெட்டிலும் அழுத்தப்படுகின்றன. எஞ்சிய மூன்று கம்பிகளும் நட்டிலிருந்தே ஒலிக்கின்றன. இந்த வடிவத்தை அப்படியே ஒரு மெட்டு மேலே தள்ளினால், நட்டிலிருந்து ஒலித்த கம்பிகளும் ஒரு மெட்டு உயர வேண்டும். அதற்காகச் சுட்டுவிரல் 1ஆம் மெட்டில் குறுக்கே கிடக்கிறது. இவ்வாறு கிடைப்பதே எஃப் மேஜர்.

இதே வடிவத்தை மேலும் நகர்த்த வேறு கார்டுகள் கிடைக்கின்றன. நடைமுறையில் மிகுதியாகப் பயன்படும் இரண்டு வடிவங்கள் பின்வருமாறு:

இ வடிவம் (சுட்டுவிரல் 6ஆம் கம்பியிலிருந்து): 1ஆம் மெட்டில் எஃப், 3இல் ஜி, 5இல் ஏ, 7இல் பி, 8இல் சி, 10இல் டி.

ஏ வடிவம் (சுட்டுவிரல் 5ஆம் கம்பியிலிருந்து): 2ஆம் மெட்டில் பி, 3இல் சி, 5இல் டி, 7இல் இ, 8இல் எஃப், 10இல் ஜி.

திறந்த கார்டுகளில் நான்கைந்து வடிவங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்தவர், இவ்விரண்டு வடிவங்களைக் கொண்டு மேற்கத்திய இசையின் பன்னிரண்டு சுரத்தானங்களிலும் கார்டு அமைக்க இயலும். பார் கார்டைக் கடந்து செல்லாமல் கற்க வேண்டியதன் காரணம் இதுவே.

கடினத்தின் காரணங்கள்

முதற்காரணம், கற்போர் பெரும்பாலும் முதலில் சந்திக்கும் எஃப் மேஜர், பார் கார்டுகளிலேயே கடினமான இடத்தில் அமைந்திருப்பதாகும். நட்டுக்கு மிக அருகில் கம்பியை அழுத்த, கழுத்தின் நடுப்பகுதியில் அழுத்துவதைவிடக் கூடுதல் விசை தேவைப்படும். மேலும் நட்டுக்கு அருகில் மெட்டுகளின் இடைவெளியும் அதிகம். ஒலிக்கும் கம்பி நீளம் 650 மில்லிமீட்டராக உள்ள கித்தாரில், 1ஆம் மெட்டுக்கும் 3ஆம் மெட்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 67 மில்லிமீட்டர் ஆகும். 5ஆம் மெட்டுக்கும் 7ஆம் மெட்டுக்கும் இடைப்பட்ட தொலைவோ ஏறத்தாழ 53 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரே கை வடிவம் 1ஆம் மெட்டில் அகலமாகவும், 5ஆம் மெட்டில் நெருக்கமாகவும் அமைகிறது.

இரண்டாவது காரணம், இரு வகைக் கார்டுகளிலும் கையின் அமைப்பு வேறுபடுவதாகும். திறந்த கார்டில் விரல்கள் வளைந்து நுனியால் அழுத்துகின்றன. கட்டைவிரல் கழுத்தின் மேல்விளிம்பை ஒட்டி நின்றாலும் குறையில்லை. பார் கார்டில் சுட்டுவிரல் நீண்டு கிடக்க வேண்டியிருப்பதால், கட்டைவிரல் கழுத்தின் பின்புற நடுப்பகுதிக்கு இறங்க வேண்டும். எனவே மாற்றத்தின்போது விரல்கள் மட்டுமன்றி, கட்டைவிரலும் மணிக்கட்டும் முழங்கையும் இடம் மாறுகின்றன. விரல்களை மட்டும் கவனிப்பவர் ஒவ்வொரு முறையும் தாமதமாவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது காரணம் மிகையான அழுத்தம். சுட்டுவிரல் ஆறு கம்பிகளையும் ஒரே அளவு அழுத்த வேண்டும் என்ற எண்ணத்தில் கை முழுவதும் இறுகுகிறது. இறுகிய கை அடுத்த கார்டுக்கு விரைந்து நகராது.

சுட்டுவிரல் உண்மையில் அழுத்தும் கம்பிகள்

எஃப் மேஜரில் 6ஆம் கம்பியிலிருந்து 1ஆம் கம்பி வரை அழுத்தப்படும் மெட்டுகள் முறையே 1, 3, 3, 2, 1, 1 ஆகும். இவற்றுள் 5ஆம் கம்பியை மோதிரவிரலும், 4ஆம் கம்பியைச் சுண்டுவிரலும், 3ஆம் கம்பியை நடுவிரலும் பிடிக்கின்றன. ஆகவே சுட்டுவிரலின் பொறுப்பு 6, 2, 1 ஆகிய மூன்று கம்பிகள் மட்டுமே. நடுவில் உள்ள மூன்று கம்பிகளை அது தொட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

பி மைனரில் 5ஆம் கம்பியிலிருந்து 1ஆம் கம்பி வரை அழுத்தப்படும் மெட்டுகள் முறையே 2, 4, 4, 3, 2 ஆகும். இங்கு சுட்டுவிரல் ஒலிக்கச் செய்ய வேண்டியவை 5ஆம், 1ஆம் கம்பிகள் மட்டும். எஃப் மைனரில் 6, 3, 2, 1 ஆகிய நான்கு கம்பிகள் அதன் பொறுப்பில் வருவதால், அது எஃப் மேஜரைவிடச் சற்றுக் கடினமானது.

சுட்டுவிரலை வைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

விரல், மெட்டுக் கட்டைக்கு மிக அருகில், ஆனால் அதன்மேல் ஏறாமல் இருக்க வேண்டும்.

விரலின் சதைப்பற்றான உட்புறத்தைவிட, கட்டைவிரல் பக்கமாகச் சற்றுச் சாய்ந்த எலும்புப் பகுதி கம்பிகளை நன்கு அழுத்தும்.

விரல் மூட்டின் மடிப்புக்குள் ஒரு கம்பி விழுந்தால் அது மங்கி ஒலிக்கும். அப்போது மேலும் அழுத்துவதற்குப் பதிலாக, விரலைச் சில மில்லிமீட்டர் மேலோ கீழோ நகர்த்த வேண்டும்.

விசை முழுவதையும் கட்டைவிரலின் பிடியிலிருந்து பெறக்கூடாது. வலது முன்கை கித்தாரின் உடலை மார்போடு அணைத்திருக்க, இடது கையைப் பின்னோக்கி மெல்ல இழுத்தால் கையின் எடையே பெரும்பகுதி அழுத்தத்தைத் தரும்.

திறந்த கார்டிலிருந்து பார் கார்டுக்கு

மாற்றத்தின்போது ஒரே கம்பியில் ஒரே மெட்டில் நிலைத்து நிற்கும் விரலை நங்கூர விரல் என்றும், கம்பியை விட்டு எழாமல் அதன்மீதே வழுக்கிச் செல்லும் விரலை வழிகாட்டி விரல் என்றும் கூறலாம். ஒரு மாற்றத்தைப் பயிலுமுன் இவற்றைக் கண்டறிவது பாதி வேலையை முடித்துவிடும்.

சி மேஜர் – எஃப் மேஜர்: சி மேஜரில் மோதிரவிரல் 5ஆம் கம்பியின் 3ஆம் மெட்டில் உள்ளது. எஃப் மேஜரிலும் அது அதே இடத்தில்தான் இருக்கிறது. எனவே அதை எடுக்கவே வேண்டியதில்லை. நடுவிரல் 2ஆம் மெட்டிலேயே 4ஆம் கம்பியிலிருந்து 3ஆம் கம்பிக்கு இறங்குகிறது. சுண்டுவிரல் மோதிரவிரலின் அருகே 4ஆம் கம்பியில் புதிதாக வந்து சேர்கிறது. 1ஆம் மெட்டில் நுனியால் நின்ற சுட்டுவிரல் அதே மெட்டில் சாய்ந்து கிடக்கிறது. கற்போர் பலர் நான்கு விரல்களையும் தூக்கிவிட்டுப் புதிதாகத் தேடுவதாலேயே இம்மாற்றம் கடினமாகத் தோன்றுகிறது.

ஜி மேஜர் – பி மைனர்: ஜி மேஜரை நடுவிரல் 6ஆம் கம்பியிலும், சுட்டுவிரல் 5ஆம் கம்பியிலும், மோதிரவிரல் 1ஆம் கம்பியிலும் இருக்கும்படி பிடித்தால், சுட்டுவிரல் 5ஆம் கம்பியின் 2ஆம் மெட்டில் நிற்கும். பி மைனரின் அடித்தளச் சுரமும் அதுவே. சுட்டுவிரலின் நுனி அங்கேயே இருக்க, அவ்விரல் கீழ்நோக்கிப் படுத்தால் போதும்.

இ மைனர் – எஃப் ஷார்ப் மேஜர்: இ மைனரை வழக்கமாக நடுவிரல், மோதிரவிரல் கொண்டு பிடிப்பர். அதற்குப் பதிலாக மோதிரவிரலை 5ஆம் கம்பியிலும் சுண்டுவிரலை 4ஆம் கம்பியிலும் வைத்துப் பிடித்தால், அவை இரண்டும் 2ஆம் மெட்டிலிருந்து 4ஆம் மெட்டுக்கு வழுக்கிச் சென்று எஃப் ஷார்ப் வடிவத்தில் தாமே அமரும். பின்னர் நடுவிரலும் சுட்டுவிரலும் சேர வேண்டும்.

கடைசி எடுத்துக்காட்டு ஒரு பொது விதியைக் காட்டுகிறது. ஒரு திறந்த கார்டை எந்த விரல்களால் பிடிப்பது என்பதை அதன் பின் வரும் கார்டே தீர்மானிக்கிறது. பயிற்சி நூல்களில் உள்ள விரலமைப்பு ஒரு தொடக்கம் மட்டுமே.

பார் கார்டிலிருந்து திறந்த கார்டுக்கு

இத்திசை எளிது எனக் கருதி இதைத் தனியே பயில்வோர் குறைவு. ஆயினும் தாளம் தடுமாறுவது பெரும்பாலும் இங்கும் நிகழ்கிறது. பார் கார்டில் இறுகிய கை உடனே தளராததால், விரல்கள் அடுத்த கார்டில் நேராக நின்று அருகிலுள்ள திறந்த கம்பிகளைத் தொட்டு அடைத்துவிடுகின்றன.

இதைத் தவிர்க்க, விரல்களை எடுப்பதற்கு முன் அழுத்தத்தை மட்டும் முதலில் விடுவிக்க வேண்டும். கம்பிகளின் மேல் விரல்கள் தளர்ந்து கிடக்கும் இந்த நொடியில் மீட்டினால் சுரமற்ற தட்டொலி எழும். பல வாசிப்பு முறைகளில் இவ்வொலியே தாளத்தின் ஒரு பகுதியாகப் பயன்படுகிறது. அதன் பின்னரே விரல்கள் நகர்கின்றன. எஃப் மேஜரிலிருந்து ஏ மைனருக்கு மாறும்போது, சுட்டுவிரல் 2ஆம் கம்பியின் 1ஆம் மெட்டை இரு கார்டுகளிலும் அழுத்துகிறது என்பதால், கிடந்த விரல் அவ்விடத்தைச் சுற்றியே நிமிர்ந்து நுனியில் நிற்கப் பழக வேண்டும்.

பாடல் ஒன்றில் திறந்த கார்டுகள் கைக்கு ஓய்வு தரும் இடங்களாகும். அவ்விடங்களில் கையைத் தளர்த்தத் தெரிந்தவர் களைப்பின்றிப் பாடலை முடிக்கிறார்.

தாளமும் மாற்றமும்

நிமிடத்திற்கு 60 அடி வேகத்தில் ஓர் அடியின் காலம் ஒரு நொடி. அரை அடி என்பது அரை நொடி. 120 அடி வேகத்தில் அரை அடி கால் நொடியாகக் குறையும். மாற்றம் பெரும்பாலும் இந்தக் கடைசி அரை அடிக்குள் நிகழ வேண்டும்.

அனுபவமுள்ள வாசிப்பாளர்கள் இந்தக் கடைசி அரை அடியில் இடக்கையை முன்னதாகவே எடுத்துவிட, வலக்கை நிற்காமல் திறந்த கம்பிகளை மேல்நோக்கி மீட்டிச் செல்லும். திறந்த கம்பிகளின் சுரங்களான இ, ஏ, டி, ஜி, பி ஆகிய ஐந்தும் சி மேஜர், ஜி மேஜர், டி மேஜர் ஆகிய மூன்று சுர வரிசைகளிலும் அடங்குவதால், அவ்வரிசைகளில் அமைந்த பாடல்களில் இது காதுக்கு உறுத்துவதில்லை. எஃப் மேஜரில் பி கம்பியும், ஏ மேஜரில் ஜி கம்பியும் வரிசைக்கு வெளியே நிற்பதால், அங்கு இதை அளவோடு பயன்படுத்த வேண்டும்.

மாற்றம் முழுமையடையாவிட்டாலும் வலக்கை நிற்கக் கூடாது என்பது முதன்மையான விதி. ஒரு கம்பி மங்கி ஒலிப்பதைக் கேட்போர் கவனிப்பது அரிது. தாளம் நின்றால் அனைவரும் கவனிப்பர்.

பயிற்சி முறை

கீழ்க்காணும் வரிசையில் பயில்வது எளிது.

1. சுட்டுவிரலை விடுத்த இ மேஜர்: இ மேஜரை மோதிரவிரல், சுண்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றால் பிடித்துப் பழக வேண்டும். சுட்டுவிரல் நட்டின் மேல் சும்மா கிடக்கலாம்.

2. 5ஆம் மெட்டில் தொடக்கம்: அதே வடிவத்தை 5ஆம் மெட்டில் பாருடன் பிடித்தால் ஏ மேஜர் கிடைக்கும். இதையும் திறந்த ஏ மேஜரையும் மாறிமாறி வாசிக்க வேண்டும். இரண்டும் ஒரே கார்டு என்பதால், பார் கார்டில் உள்ள குறையைக் காதே காட்டிக்கொடுக்கும்.

3. நட்டை நோக்கி இறங்குதல்: 5ஆம் மெட்டில் தெளிவாக ஒலித்தபின் 4, 3, 2 எனச் சில நாட்களில் இறங்கி 1ஆம் மெட்டை அடைய வேண்டும்.

4. தளர்த்தி அழுத்துதல்: கார்டைப் பிடித்து, கம்பியை விட்டு விரல் எழாமல் அழுத்தத்தை விடுவித்து, மீண்டும் அழுத்த வேண்டும். பின்னர் விரல்களை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி, வடிவம் கலையாமல் ஒன்றாக இறக்க வேண்டும்.

5. ஒரு நிமிட மாற்றம்: இரு கார்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற முடிகிறது என எண்ணிக் குறித்து வைக்கலாம். நாள்தோறும் கூடும் எண்ணிக்கை, காதுக்குப் புலப்படாத முன்னேற்றத்தைக் காட்டும்.

6. தாளக் கருவியுடன்: 60 அடி வேகத்தில் நான்கு அடிக்கு ஒரு மாற்றம், பின் இரண்டு அடிக்கு ஒன்று, பின் ஒவ்வோர் அடிக்கும் ஒன்று எனக் கூட்டிய பின்னரே வேகத்தை உயர்த்த வேண்டும்.

ஒரே மாற்றத்தை நெடுநேரம் திரும்பத் திரும்பச் செய்வதைவிட, சில மாற்றங்களைக் கலந்து பயில்வது நெடுநாள் நினைவுக்கு உதவக்கூடும். 1979இல் ஷே, மோர்கன் ஆகியோர் கை அசைவுகளைக் கற்றல் குறித்து நடத்திய ஆய்வில், கலந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது மெதுவாகவே செயல்பட்டனர். ஆனால் பின்னர் சோதித்தபோது கற்றதை நன்றாகத் தக்கவைத்திருந்தனர். எனவே ஒரு மாற்றம் ஓரளவு கைவந்தபின் அதை மற்றவற்றுடன் கலப்பது நல்லது. ஒரே அமர்வில் ஒரு மணி நேரம் பயில்வதைவிட, பத்து நிமிடப் பகுதிகளாகப் பிரித்துப் பயில்வது கைத்தசைகளுக்கும் ஏற்றது.

பாடல்களில் எடுத்துக்காட்டுகள்

தி அனிமல்ஸ் குழு 1964இல் வெளியிட்ட தி அவுஸ் ஆஃப் தி ரைசிங் சன் பாடலின் கித்தார் பகுதி ஏ மைனர், சி, டி, எஃப் என்ற வரிசையில் தொடங்குகிறது. எஃப் கார்டைப் பாராகப் பிடித்தால், இதில் டி – எஃப் மாற்றத்திற்கு நங்கூர விரல் இல்லை என்பதால், நான்கு விரல்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கப் பயில இது ஏற்றது.

ஈகிள்ஸ் குழு 1976இல் வெளியிட்ட ஓட்டல் கலிபோர்னியா பாடலின் வரிசை பி மைனர், எஃப் ஷார்ப், ஏ, இ, ஜி, டி, இ மைனர், எஃப் ஷார்ப் என்பதாகும். எட்டில் மூன்று இடங்களில் பார் கார்டும், ஐந்து இடங்களில் திறந்த கார்டும் அமைத்து இதை வாசிக்கலாம். பி மைனர், எஃப் ஷார்ப் இரண்டிலும் சுட்டுவிரல் 2ஆம் மெட்டிலேயே கிடக்கிறது. இறுதியில் வரும் இ மைனர் – எஃப் ஷார்ப் மாற்றத்திற்கு மேலே கூறிய வழுக்கும் முறை பயன்படும்.

கருவியின் பங்கு

கற்போரின் குறையாகத் தோன்றுவது சிலவேளைகளில் கருவியின் குறையாக இருக்கும். நட்டில் கம்பி செல்லும் பள்ளங்கள் ஆழம் குறைவாக இருந்தால், 1ஆம் மெட்டில் கம்பி மிக உயரத்தில் நிற்கும். இதைச் சோதிக்க, ஒரு கம்பியை 3ஆம் மெட்டில் அழுத்திக்கொண்டு, 1ஆம் மெட்டுக் கட்டைக்கு மேலுள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அது மெல்லிய தாள் அளவே இருப்பது நல்லது. இடைவெளி மிகுதியாக இருந்தால், கித்தார் பழுதுபார்ப்பவரிடம் காட்டிச் சரிசெய்யலாம்.

மெல்லிய கம்பித் தொகுதியை மாட்டுவதும், எல்லாக் கம்பிகளையும் அரைச்சுரம் தாழ்த்திச் சுருதி சேர்ப்பதும் உதவும். அரைச்சுரம் தாழ்த்தினால் கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 11 விழுக்காடு குறையும். நைலான் கம்பிகளின் இழுவிசை எஃகுக் கம்பிகளைவிடக் குறைவு. ஆனால் அவை மாட்டப்படும் செவ்வியல் கித்தாரின் கழுத்து அகலமானது என்பதால், சுட்டுவிரல் மேலும் நீள வேண்டியிருக்கும்.

மாற்று வழிகள்

எஃப் மேஜரைக் கீழ் நான்கு கம்பிகளில் மட்டும் பிடிக்கலாம். அப்போது 4ஆம் கம்பியிலிருந்து முறையே 3, 2, 1, 1 ஆகிய மெட்டுகள் அழுத்தப்படும்; சுட்டுவிரல் இரண்டு கம்பிகளை மட்டும் மூடும். 1ஆம் கம்பியைத் திறந்துவிட்டால் எஃப் மேஜர் செவன்த் என்ற மென்மையான கார்டு கிடைக்கும். கட்டைவிரலைக் கழுத்தின் மேலாகக் கொண்டுவந்து 6ஆம் கம்பியை அழுத்தும் முறையும் உண்டு. சிமி கென்ட்ரிக்ஸ் இம்முறையை மிகுதியாகக் கையாண்டார். கேப்போவைப் பயன்படுத்தினால், பல பாடல்களைத் திறந்த வடிவங்களிலேயே வாசிக்கலாம்.

இவை குறுக்கு வழிகள் அல்ல; தேர்ந்த வாசிப்பாளர்களும் இசையின் தேவைக்கேற்ப இவற்றைப் பயன்படுத்துகின்றனர். எனினும், பார் கார்டைத் தவிர்ப்பதற்காக மட்டும் இவற்றைப் பயன்படுத்துபவர், கழுத்தின் மேற்பகுதியைப் பயன்படுத்தும் வாய்ப்பை இழக்கிறார்.

வலியும் எச்சரிக்கையும்

தொடக்க வாரங்களில் விரல் நுனியில் எரிச்சலும், கட்டைவிரலின் அடித்தசையில் களைப்பும் ஏற்படுவது இயல்பு. கை களைத்தவுடன் நிறுத்தி ஓய்வளிக்க வேண்டும். மணிக்கட்டில் கூர்மையான வலி, விரல்களில் மரத்துப்போதல் ஆகியவை களைப்பின் அறிகுறிகள் அல்ல. அவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். மணிக்கட்டு மிகையாக வளைந்திருப்பது இவற்றுக்குரிய காரணங்களுள் ஒன்று. கித்தாரின் கழுத்தைச் சற்று உயர்த்திப் பிடித்தால் மணிக்கட்டு நேராகும்.

இவற்றையும் பார்க்கவும்

கித்தார்
கார்டு (இசை)
கேப்போ
வீணை